டயலைத் தொடாமல் விட்டேன்

1960களில் வந்த, சாவி கொடுக்கும் என் ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. உள்ளே இருப்பது 1939இல் அறிமுகமான 30 மில்லிமீட்டர் இயந்திர வரிசையைச் சேர்ந்தது. பழைய இயந்திரங்களில் கை தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அதை முழுவதும் பிரித்து, காய்ந்த எண்ணெயைக் கழுவி, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கை மாற்றித் தந்தார். முன்பு, துடிப்பைக் கேட்டு ஓட்டத்தின் சீரை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் திரையில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இப்போது இரண்டு கோடுகளும் நெருங்கி, நேராகப் போகின்றன. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காதோரம் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. எனக்கு அந்த நிதானம் மிகவும் பிடித்திருக்கிறது.

கண்ணாடி வேலையை நானே செய்தேன். அது அக்ரிலிக் என்பதால் கீறலைத் தேய்த்தே எடுக்கலாம். கேஸை (வெளி உலோகக் கூட்டை) சுற்றி டேப் ஒட்டி, மென்துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு, கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தேன். முதலில் வெளுத்து மங்கியது. துடைத்ததும் டயலின் நுண்கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கீறல் மட்டும் இன்னும் நகத்தில் தட்டுகிறது.

கேஸுக்கு பாலிஷ் போடச் சொல்லவில்லை. வார் மாட்டும் கொம்புகளின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. சக்கரத்தில் பிடித்தால் பளபளப்பு வரும், விளிம்பு போய்விடும். போன உலோகம் திரும்பாது. டயலும் அப்படித்தான். ஆறு மணிக்குக் கீழே 'டி சுவிஸ் மேட் டி' என்ற பொடி எழுத்து இருக்கிறது. இருட்டில் ஒளிர்வதற்கான பூச்சில் ட்ரிஷியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதற்கான அடையாளம் அது. ட்ரிஷியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள்தான், ஆகவே இருட்டில் இனி ஒளிராது. ஆனால் பூச்சு வெண்ணெய் நிறத்துக்குப் பழுத்திருக்கிறது. புதிதாகப் பூசினால் அந்த நிறம் போய்விடும். (இதற்கும் முந்தைய ரேடியம் டயல் கையில் இருந்தால் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். ஒளி அவிந்திருந்தாலும் கதிர்வீச்சு அவியவில்லை.)

பழைய தோற்றத்தில் வரும் புதிய கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2018இல் வந்த டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட்டை நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். 1958ஆம் ஆண்டு மாடலை நினைவூட்டும் 39 மில்லிமீட்டர் அளவு மணிக்கட்டில் அழகாக அமர்கிறது. 70 மணி நேரம் ஓடும், 200 மீட்டர் நீர் தாங்கும். மழைக்குப் பயந்து என் சீமாஸ்டரைக் கழற்றி வைக்கும் நாட்களில் இது பெரிய வசதி. அளவையும் அமைப்பையும் இப்படி மீட்டெடுப்பதை மனதார வரவேற்கிறேன். பூச்சை முன்கூட்டியே பழுப்பாக்கி விற்பதில்தான் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. அந்த நிறம் காலம் போடவேண்டியது.

2019இல் ஒமேகா தன் பழைய 321 என்ற கடிகார இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது வேறு தரம். அப்போலோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் யூஜின் செர்னன் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தை ஊடுகதிரால் படமெடுத்து, உள்ளே பார்த்துத்தான் அதை மறுபடி உருவாக்கினார்கள். மரபு என்று சொன்னால் நான் எதிர்பார்ப்பது இந்த அளவு உழைப்பை.

அடுத்து, நகத்தில் தட்டும் கீறலுக்கு 2000 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கப் போகிறேன். பிறகு மீண்டும் பசை. வாரை மாற்றுவது அதற்கப்புறம்.