பாலக்கோட்டில் மறுபடியும் 2009

செப்டம்பர் 22, 2025, திங்கள்

காலை ஏழே காலுக்கு முதல் போன். பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு மனைவி போயிருக்கும் ஊத்தங்கரையாக இருக்குமோ என்று வாயில் நுரையோடு எடுத்தால், பாலக்கோடு மளிகை மொத்தக்கடை அண்ணன். "தம்பி, சோப்புக்கு இன்னியிலிருந்து அஞ்சுன்னு டிவியில சொல்றான். நம்ம பொட்டி இன்னும் பதினெட்டுங்குது."

இன்று முதல் ஜிஎஸ்டி மாற்றம். சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5. நெய் 12-லிருந்து 5. நோட்டுப் புத்தகத்துக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு வாரமாக எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் போட்டார்கள். அவ்வளவுதான்.

புது சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் நேற்றிரவே அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். நான் ரிப்பேர் பார்க்கும் கடைக்காரர்களின் பழைய கம்ப்யூட்டர்கள் அப்படியா? பொருள் பொருளாக உட்கார்ந்து மாற்ற வேண்டும். பில் தேதி 21 வரை இருந்தால் பழைய வரி, 22-லிருந்து புது வரி. தேதியைப் பார்த்து அதுவே எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். பாலக்கோட்டுக்கு மட்டும் மத்தியானம் வரை ஆயிற்று.

மொத்தம் 43 கால். ஊத்தங்கரையிலிருந்து ஒன்றுமில்லை. போன் வராவிட்டால் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் என்கிறாள் அம்மா.

செப்டம்பர் 23, செவ்வாய்

அத்தை நம்பருக்குத் தனி ரிங்டோன் வைத்தேன். நாதஸ்வரம்.

செப்டம்பர் 25, வியாழன்

அச்சகத்து அண்ணன் தன் பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து, கால்களால் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். குழந்தையைக் கூட இப்படிக் கூட்டி வர மாட்டார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், பட்டை கேபிள் போட்டது. பத்திரிகை வடிவமைக்கப் பேஜ்மேக்கர் 7. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கை கழுவிவிட்டது. அவர் இன்னும் கழுவவில்லை. காது வைத்துக் கேட்டேன்: கடக், கடக், சற்று இடைவெளி, கடக். "ஒரு வாரமா இப்படித்தான் தம்பி இருமுது" என்றார்.

புது மெஷின் வாங்குங்கள் என்று 2019-லிருந்து சொல்கிறேன். வாங்கவும் செய்தார். அது அவர் கடையில் துணி போர்த்தி இருக்கிறது. பழைய ஃபைலை அதில் திறந்தால் தமிழ் வராது. பாமினி எழுத்துருவில் அடித்தது எல்லாம் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும், அவ்வளவே. சட்டையைக் கழற்றினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். புள்ளி எல்லாமே அரைப்புள்ளி. எழுத்துருவைப் புது மெஷினில் ஏற்றிக் கொடுத்தால் பாதி சரியாகும். மீதிக்கு அவர் மனசு ஒப்ப வேண்டும்.

பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "எல்லாம் போனாலும் பரவால்ல. அந்தப் பிள்ளையாரை மட்டும் எடுத்துக் குடுத்துடு" என்றார்.

எந்தப் பிள்ளையார்?

செப்டம்பர் 27, சனி

இன்று ஊத்தங்கரை போய் வந்தேன். அரூர் வரை நின்றுகொண்டே. அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அது சகஜம் என்று டாக்டரம்மா சொன்னாராம். எனக்குச் சகஜமாக இல்லை. நான் இருந்த நாலு மணி நேரத்தில் 11 போன் கால். "எடுங்க, பாவம், உங்களை விட்டா யாரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

பாலக்கோட்டிலிருந்து புதுப் புகார். சோப்புக்கு மறுபடியும் 18 போடுகிறதாம். 105 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 118. வாங்கிப்போன சில்லறைக் கடைக்காரர் திரும்பி வந்து சத்தம் போட்டிருக்கிறார். "நீ மாத்துனது நிக்கல தம்பி."

நான் மாற்றியது நிற்கும். சத்தியமாகச் சரியாகத்தான் வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நிற்கிறது. தேதிதான் நிற்கவில்லை!

பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே வலது மூலையில் 01-01-2009. மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள், காலையில் பெட்டி தான் பிறந்த வருஷத்துக்குப் போய்விடுகிறது. சில நாள் பையன் ஞாபகமாகத் தேதியை மாற்றுகிறான், சில நாள் மறக்கிறான். மறக்கிற நாளில் 2009. அது 21-ம் தேதிக்கு முந்தியதுதானே? பழைய வரியை எடுத்துக்கொள்கிறது. ஜிஎஸ்டியே 2017 ஜூலையில்தான் வந்தது. அந்த சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் உறைக்காது, எந்தத் தேதி கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு பில் போடும். வேறு எதுவாக இருந்தாலும் தேதி தப்பு என்று கத்தியிருக்கும்.

சி.ஆர். 2032 என்று ஒரு பேட்டரி, ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும், வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு எப்படிக் கழற்றுவது, எழுத்து இருக்கும் பக்கம் மேலே, எல்லாம் சொன்னேன். இருபது நிமிஷம்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கடையைக் கழுவி, ஸ்க்ரூ டிரைவர் செட்டுக்கும் மல்ட்டிமீட்டருக்கும் பொட்டு வைத்தேன். அச்சகத்துப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. அது படுத்திருக்கும் நிலையில் கூடுதலாக ஒரு கும்பிடும். அம்மா கொண்டைக்கடலை சுண்டல் அனுப்பியிருந்தாள். போன் மூன்றே மூன்று.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று விட்டதெல்லாம் இன்று. கிருஷ்ணகிரியில் ஒருவர் பெட்டி ஆன் ஆகவில்லை என்றார். போட்டோ கேட்டேன். பவர் பட்டன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து இறுகிப் பட்டன் உள்ளே போகவே இடமில்லை. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். "சாமி சந்தனம் சார், எப்படித் தொடைக்கிறது?" இன்னொருவர் மின்விசிறிக் காற்று வரும் ஓட்டையில் விபூதி பட்டை போட்டிருக்கிறார். விசிறி அதை இழுத்துக்கொண்டது. பொரியைத் தேடி எறும்பு வந்த பெட்டி ஒன்று.

வருஷா வருஷம் இது நடக்கிறது. கோபமே வருவதில்லை. மெஷினைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் ஒரு பேக்கப் எடுக்கச் சொன்னால் மட்டும் நேரமில்லை.

அக்டோபர் 4, சனி

நாதஸ்வரம் வாசித்தது. ஓடிப்போய் எடுத்தேன். கைதவறிப் பட்டுவிட்டதாம்.

அக்டோபர் 6, திங்கள்

பாலக்கோட்டில் மறுபடியும் 2009. பேட்டரி போட்டாச்சு என்கிறார்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

காரிமங்கலம் உரக்கடை அக்காவோடு ஒரு மணி நேரம்.

நான் இங்கிருந்தே அவர் பெட்டிக்குள் போய்ப் பார்க்க, எனிடெஸ்க்கைத் திறந்து அதில் வரும் நம்பரைச் சொல்லுங்கள் என்றேன். பத்து எண் சொன்னார். போட்டேன், போகவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன், அதே பத்து எண். பிறகுதான் புரிந்தது, தன் செல் நம்பரைச் சொல்லியிருக்கிறார். "நம்பர் கேட்டீங்க, குடுத்தேன்." நியாயம்தான்.

திரையில் எங்கே பார்க்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "இருங்க. இதத்தான போலீஸ்ல சொன்னாங்க? இத போடச் சொல்லி பணத்த உருவிடுவாங்கன்னு. நீங்க நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஏழு வருஷமாக அவருக்கு நான்தான் பார்க்கிறேன். என் குரல் தெரியாதா என்றேன். குரலையே மாத்திப் பேசறானுங்களாம் என்றார். அப்புறம் அவரே ஒரு பரீட்சை வைத்தார். "போன வருஷம் எங்க கடைக்கு வந்தப்ப என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். களி. கீரைக் கடைசல். மிளகாய் கடித்துக்கொள்ள. "ரெண்டாவது உருண்டை வேணாம்னு சொன்னேன், நீங்க விடல." சிரித்துவிட்டார். ஒன்பது எண் வந்தது. எந்த வங்கியும் இவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்ததில்லை.

உள்ளே போனால் விண்டோஸ் 7, க்ரோம் 109. அதற்கு மேல் அது ஏறவே ஏறாது, 2023 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவருக்கு வேண்டிய தளம் திறக்காமல் வெள்ளையாக நிற்கிறது. ஃபயர்பாக்ஸில் 7-க்கென்று விட்டுவைத்திருக்கும் பழைய வரிசை ஒன்று உண்டு, 115. அதைப் போட்டதும் திறந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

போன் வைக்கும்போது, "வீட்ல எப்படி இருக்காங்க, நாள் நெருங்கிடுச்சில்ல" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள்?

அக்டோபர் 8, புதன்

பாலக்கோடு போனேன். பெட்டியைத் திறந்து பேட்டரியை எடுத்துப் பார்த்தால் 2025. பையன் வாட்ச் கடையில் வாங்கியிருக்கிறான். எல்லாம் ஒண்ணுதான் என்றார்களாம்.

ஒன்றில்லை. அந்த எண்ணே அளவுதான். முதல் இரண்டு இலக்கம் அகலம், 20 மில்லிமீட்டர். அடுத்தது தடிமன். 2032 என்றால் 3.2, 2025 என்றால் 2.5. கால் வைக்க இடம் கிடைத்தும் தலை கம்பியைத் தொடவில்லை. சின்ன அட்டைத்துண்டு மடித்துக் கீழே வைத்தால் அந்தப் பக்கத்துத் தொடர்பு போய்விடும். என் பையில் 2032 நாலு இருக்கும் என்று நம்பிப் போனேன். ஒன்றுகூட இல்லை. தேதியைக் கையால் மாற்றிவிட்டு, மெயினை மட்டும் அணைக்காதீர்கள் என்று ஸ்விட்ச் மேல் பேப்பர் ஒட்டிவிட்டு வந்தேன்.

அண்ணன் ஒரு பையில் அரிசி, பருப்பு, ஒரு டப்பா நெய் கட்டிக் கொடுத்தார். "வீட்டுக்கு ஆவும்." பில் கேட்டேன். சிரித்தார்.

அக்டோபர் 9, வியாழன். இரவு 1.20

அச்சகத்து டிஸ்க்கைப் பிரதி எடுக்க வைத்துவிட்டுக் கடையிலேயே படுத்திருக்கிறேன். முதல் 20 ஜிபி சிரமமில்லாமல் வந்தது. இப்போது ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு, முட்டிக்கொண்டு, நகர்கிறது. கடக் சத்தம் நின்றால் விழிப்பு வருகிறது, சத்தம் வந்தால் தூக்கம் வருகிறது.

தள்ளிப்போனால் என்ன செய்வார்கள்? ஊசி போடுவார்களா? அவளிடம் கேட்க முடியாது, பயந்துவிடுவாள். அத்தையிடம் கேட்டால் ஊருக்கே தெரியும். கூகுளில் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

40-ல் 39-க்குச் சற்று மேல் வந்துவிட்டது. பேஜ்மேக்கர் ஃபைல்கள் கிட்டத்தட்ட எல்லாம். 2003-லிருந்து அடித்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஒரே கோப்புறையில் ஒரு குடும்பத்துக்கு மூன்றும் இருக்கிறது.

பிள்ளையார் வரவில்லை. கெட்டுப்போன இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

விவரம் சொன்னதும் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோட்டோவியப் பிள்ளையார், ஒரே கோட்டில் வரைந்ததாம், பத்திரிகையின் இடது மூலையில் வைப்பாராம். அதைப் பார்த்துத்தான் இது யார் கடையில் அடித்தது என்று சொல்வார்களாம்.

அவர் போன பிறகு வீட்டு சாமி மாடத்தில் தேடினேன். அம்மா ஒரு பத்திரிகையையும் தூக்கிப் போட மாட்டாள். எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்தார், இடது மூலையில், மஞ்சள் தடவி. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மஞ்சளை நீக்கி, பென் டிரைவில் போட்டுவிட்டேன். அந்தப் பத்திரிகையை நான் ஒழுங்காகப் பார்த்ததே இப்போதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்றோடு முடிவு. 2015 ஜூலையில் வந்தது.

"நாளைக்கு ஆன் ஆவுமா?" காலையிலிருந்து இதே கேள்வி. ஆகும். பில் போடும், பிரிண்ட் வரும். பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் இனி வராது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டுப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஒரு வருஷம் தருகிறார்கள். "அக்கவுண்ட்டுன்னா எந்த பேங்க்?" இப்படி நாலு பேர். பதிவு செய்ய முதலில் ஒரிஜினல் விண்டோஸ் வேண்டும், அதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்பார்கள். நான்தான்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். என் கடை மெஷின் நாலாம் தலைமுறை. இதை வெளியே சொல்வதில்லை.

அக்டோபர் 15, புதன்

மழை. மத்தியானம் புது நம்பரிலிருந்து மூன்று முறை அடித்தது. உரக்கடைக்கு வரி சரிபார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று முறையும் கட் செய்தேன். நாலாவது எடுத்துக் கத்திவிட்டேன்: "ஒரு வேலை முடிய விடமாட்டீங்களா?"

மச்சான். தொட்டில் கட்டப் பழைய பருத்திச் சேலை அம்மாவிடம் இருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டானாம்.

கை நடுங்கியது அரை மணி நேரம் நிற்கவில்லை. இந்த நம்பரை மாற்ற முடியாது. மாவட்டத்தில் எத்தனை பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

2032 பத்து வாங்கிப் பையில் போட்டுவிட்டேன். பாலக்கோடு நாளை.

அக்டோபர் 17, வெள்ளி

போகவில்லை. கரண்ட் போனதில் மெயின் விழுந்து, அங்கே மறுபடியும் 2009.

அக்டோபர் 18, சனி. அரூர் பஸ்

4.10-க்கு நாதஸ்வரம். 5.30 பஸ். சேலை எடுத்துக்கொண்டேன், சார்ஜர் எடுக்கவில்லை. 31 சதவீதம்.

பாலக்கோடு அண்ணன் கூப்பிட்டார். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "காலங்காத்தால தொந்தரவு. கடை தொறந்துட்டேன். தேதி கேக்குது தம்பி, இன்னிக்கு என்னன்னு போட?"

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை.

29 சதவீதம்.