கழுவிட்டேன்ல, அப்புறம் என்னக்கா?

தண்ணீர் பாட்டிலில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற அதே பெண்கள், பக்கத்துக் கட்டில்காரியின் ரேஸரை எடுத்து ஷேவ் பண்ணி, பைப்பில் ஒரு அலசு அலசி, பாத்ரூம் ஜன்னல் திட்டில் திரும்ப வைத்துவிடுவார்கள். எச்சில் என்றால் அருவருப்பு, தோலைக் கீறிய பிளேடு என்றால் பரவாயில்லை. மடிவாளா, பிடிஎம், மாரத்தஹள்ளி என்று பெங்களூர் பிஜிகளில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதிகளில், பல வருஷம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்று பேருக்கு ஒரு ரூம், கதவுக்குப் பின்னால் ஒரே கொக்கியில் மூன்று டவல் என்று வாழும் இடத்தில் என்னுது உன்னுது என்ற கணக்கெல்லாம் ஷாம்பு பாட்டிலுக்கு மட்டும்தான்.

ரேஸர் என்றதும் எல்லோருக்கும் எச்ஐவி பயம்தான் வரும். அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பிளேடில், ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. பயப்பட வேண்டியது ஹெப்படைடிஸ் பி வைரஸுக்கு. கண்ணுக்கே தெரியாத காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் இருக்கும், உடலுறவிலும் பரவும், பல வருஷம் ஒரு அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கும். தடுப்பூசி இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுக்க வந்து சேர்ந்தது 2011 வாக்கில்தான், அதனால் இன்று பிஜியில் இருக்கும் வயதுக்காரர்களில் பலருக்கு, வீட்டில் காசு கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கும் ஞாபகமில்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்: மொத்தம் மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து 1 மாதத்தில் இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. இது போக மரு, முத்து முத்தாக வரும் மொலஸ்கம் எல்லாம் ரேஸரில் தொற்றும். ஒருத்திக்கு இருப்பது அடுத்தவளுக்குப் போகும், அவளுக்கே ஒரு இடத்தில் இருப்பது நான்கு இடத்துக்கும் போகும்.

ஆனால் நான் அதிகம் பார்த்தது படர்தாமரை. ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் துணி எங்கே காய்கிறது? மாடியில் கொடி இருக்கும், ஆனால் ஓனர் வருவார், வாட்ச்மேன் வருவார் என்று ஜட்டியை டவலுக்கு அடியில் ஒளித்துப் போடுவோம், அல்லது அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டுச் சாத்திவிடுவோம். காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். 'ஆபீஸ் போவதற்குள் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும்' என்று போட்டுக்கொண்டு, அதன்மேல் இறுக்கமான ஜீன்ஸ், அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் கேப். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? தொடையிடுக்கில் வட்டமாக ஆரம்பிக்கும், அரித்து உயிரை எடுக்கும், வெளியே சொல்லக் கூச்சம். அப்போதுதான் அந்த க்ரீம் வருகிறது. மெடிக்கலில் 'அரிப்பு' என்று சொன்னால் எடுத்துக் கொடுக்கிற ட்யூப், ரூமில் மூன்று பேரும் பிதுக்கிப் பிதுக்கிப் பாதி சுருண்டு கிடக்கும்.

அந்த ட்யூபின் பின்பக்கம் படியுங்கள். பூஞ்சை மருந்தோடு ஆன்டிபயாடிக்கும், பெரும்பாலும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு ரெண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும், உள்ளே பூஞ்சை நிம்மதியாக வளரும். வட்டம் பெரிதாகும், தோல் மெலிந்து வரி வரியாகும், சமயத்தில் இது படர்தாமரையா வேறு ஏதாவதா என்று தோல் டாக்டரே குழம்பும் அளவுக்கு உருமாறும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. விற்கிறார்கள். டாக்டரிடம் போனால் வாரக்கணக்கில் மாத்திரை எழுதுவார், அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் முழுசாகச் சாப்பிட வேண்டும். ரூமில் இன்னொருத்திக்கும் இருந்தால் அவளும் கூடவே போக வேண்டும், இல்லாவிட்டால் டவல் வழியாகத் திரும்ப வரும்.

சரி, கூச்சப்படும் விஷயத்துக்கும் வருகிறேன். வைப்ரேட்டர், அதாவது சுய இன்பத்துக்கான அதிரும் கருவி. இங்கே ஆபாசச் சட்டத்துக்குப் பயந்து 'பர்சனல் மசாஜர்' என்ற பெயரில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், கழுத்து வலிக்கு என்பதுபோல ஒரு படம் போட்டு. அதனால் எப்படிக் கழுவுவது, இன்னொருவரோடு பகிரலாமா என்பது டப்பாவில் இருக்காது. இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால், ஜோடியாக இருந்தாலும் சரி, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் என்று பால்வினைத் தொற்றுகள் எல்லாம் அதன் வழியாகப் போகலாம். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழும் உறவில் 'நமக்குத்தான் ஒன்றும் வராதே' என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தப்பு. மீன் வாடையோடு வரும் பாக்டீரியல் வஜினோசிஸ் அவர்களுக்குள் சாதாரணமாகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது.

என் பழைய ரூம்மேட், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இதைப் பற்றிப் பேசும்போது கேட்டாள்: "டெட்டால் போட்டுக் கழுவிட்டேன்ல, அப்புறம் என்னக்கா?" கழுவுவது நல்லதுதான், ஆனால் பொருள் எதனால் ஆனது என்பது முக்கியம். ஜெல்லி மாதிரி மெத்தென்று இருப்பதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். 2014-ல் அமெரிக்காவில் 12 பெண்களை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வில், எச்பிவி இருந்தவர்களில் சிலரின் மெத்தென்ற ரக வைப்ரேட்டரில், அதற்கென்றே விற்கும் கிளீனர் போட்டுக் கழுவி 24 மணி நேரம் ஆன பிறகும் வைரஸின் தடயம் இருந்தது, சிலிகோன் ரகத்தில் அந்த 24 மணி நேரத்தில் தடயம் இல்லாமல் போயிருந்தது. தடயம் இருந்தாலே தொற்றும் என்று அர்த்தமில்லை, ஆனாலும் நான் சிலிகோனைத்தான் சொல்வேன். மோட்டார் இல்லாத முழு சிலிகோன் என்றால் கொதிக்க வைக்கலாம், மோட்டார் இருந்தால் மிதமான சோப்பும் வெந்நீரும். ஆள் மாறும்போதும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரும்போதும் அதன்மேல் புது ஆணுறை. டெட்டாலை உடம்பில் அந்த இடத்தில் ஊற்றவே கூடாது, எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். நம்ம ஊர் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெயும் இங்கே ஆகாது, லேடெக்ஸ் ஆணுறை கிழியும்.

மென்ஸ்ட்ருவல் கப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கொதிக்க வைத்தாலும் அக்காவுடையது தங்கைக்கு வேண்டாம். முந்நூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கழுவிய கப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஒளித்து வைக்காமல், காற்றுப் போகும் துணிப்பையில் வையுங்கள்.

டாய்லெட் சீட்டில் உட்கார்ந்து பால்வினை நோய் வந்ததாக யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். கொனோரியா, கிளமிடியா கிருமிகள் உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரமே செத்துவிடும். பாவம், பல பாய்ஃபிரண்டுகளின் பழியை அந்த சீட்டுதான் சுமக்கிறது.

வெள்ளைப்படுதலில் நிறமோ வாடையோ மாறினால், அரிப்போ புண்ணோ அடிவயிற்று வலியோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் என் தோழியிடம் நோயைக் கேட்பதற்கு முன் 'மேரேஜ் ஆயித்தா?' என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் சுரக்ஷா கிளினிக் என்று தனியாக உண்டு, பால்வினை நோய்க்குப் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். மருந்து நிற நிறமான கவரில் வரும், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். எச்ஐவி பரிசோதனையும் இலவசம்தான், நம்ம ஊரில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்குமே, அதேதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது. டிரைக்கோமோனாஸ் மாதிரி என்றால் துணையும் அதே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும், அதனால் அவரையும் இழுத்துக்கொண்டே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓபி இருக்காது, சனிக்கிழமை என்றால் காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.