போடிமெட்டு ஏறும் கிழட்டு ஜீப்

எங்கள் மஹிந்திரா எம்.எம். 540-க்கு வயது 35 தாண்டிவிட்டது. 2112 சிசி பெஷோ டீசல் என்ஜின். போடிமெட்டு மலைப்பாதையில் சின்ன ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு, ஏறும்போது உரம், இறங்கும்போது ஏலக்காய். இதுதான் அதற்கு வேலை.

ரேடியேட்டர் அடைப்பெடுத்து, கிளட்ச் பிளேட் மாற்றி, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டியாயிற்று. சிக்கல், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரில்தான். லோ போட்டால் முன் ஆக்சிலும் சேர்ந்துகொள்ளும். முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். வழியில்லாமல் எல்லாம் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒருமுறை ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் மூட்டே போயிற்று. இப்போது முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப் மாட்டி, அதைத் திறந்துவிட்டு லோ போடுகிறேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கிறது. மொத்த பாரமும் பின் ஆக்சிலுக்குத்தான், அதனால் மெதுவாகத்தான் மிதிப்பேன்.

இறக்கத்தில்தான் பயம். நான்கும் டிரம் பிரேக், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். லோவில் செகண்ட் கியர் போட்டு, என்ஜின் இழுத்துப் பிடிப்பதை நம்பித்தான் இறங்குகிறேன். ட்ரெய்லரில் பாரத்தைக் கொஞ்சம் முன்பக்கமாக வைக்க வேண்டும், பின்னால் குவித்தால் வாலாட்டும்.

"பவர் பிரேக் போட்டுடலாம் தம்பி" என்கிறார் மெக்கானிக் அண்ணன். மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் அந்த பிரேக்குக்கு வேண்டிய வேக்யூம் பம்ப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.