முறுக்கு மாவுக்காகச் சுவர்க்கோழி வளர்த்த கதை

சுவர்க்கோழிப் பூச்சியை வளர்ப்பதெல்லாம் சுலபம்தான், மாவாக்குவதில்தான் உயிர் போகிறது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. நாங்கள் இருப்பது பர்மாவில் உள்ள பெகு. ரங்கூன் தெருக்களில் பயிட் என்று வறுத்து விற்பார்களே, அதே சுவர்க்கோழிதான். தாய்லாந்தில் சுமார் 20,000 பூச்சிப் பண்ணைகள் இருப்பதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் எழுதியதைப் படித்துவிட்டு, எல்லைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வருகிற ஒருவர் மூலம் முட்டை வரவழைத்தேன்.

பெரிய பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒளிந்துகொள்ள கோழிமுட்டை அடுக்கும் அட்டைகள், மேலே கொசுவலை, முட்டையிட ஈரமான தேங்காய் நார்த்தூள், அவ்வளவுதான். 30 டிகிரி சூடு இருந்தால் 10 நாளில் பொரியும், அப்புறம் 6, 7 வாரத்தில் அறுவடை. கோழித் தீவனமும் பூசணித் துண்டும் போதும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், எள்ளளவு குஞ்சுகள் விழுந்து செத்துவிடும், நனைத்த பஞ்சு வையுங்கள். பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும். குளிர்காலத்தில் பல்பு போட்டுச் சூடாக்கலாம் என்பார்கள், நம்ம ஊர் கரண்டை நம்பி அதைச் செய்ய முடியுமா? சாக்கு போர்த்தி அடுப்படி ஓரமாக வைத்தேன். ஆனாலும் வளர்ச்சி மந்தம்தான். ஆண் பூச்சிகள் வளர்ந்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கத்தும், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது.

அறுவடைக்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும், வயிறு காலியானால் நாற்றம் குறையும். பிறகு கொதிநீரில் வேகவைத்து, வலைக்குள் காயவைத்து, நொறுங்குகிற பதம் வந்ததும் அரைத்துச் சலிக்கணும். மழைக்காலத்தில் இந்தப் பதம் லேசில் வராது, வெயிலை நம்பாமல் ஓவனில் குறைந்த சூட்டில் வைத்துத்தான் காயவைத்தேன். அரைகுறையாகக் காய்ந்தால் மாவு சிக்குவாடை அடித்துவிடும். கைநிறைய அள்ளிப் போட்டாலும் மாவு கொஞ்சம்தான் தேறும். ஆனால் அதில் சுமார் 60 சதவீதம் புரதம்.

மாமியார், "ஏம்மா, கோயிலுக்குப் போற வாரத்துல இத அடுப்புல ஏத்தாத" என்றார். சரி என்று தனிச் சட்டி ஒதுக்கிவிட்டேன். பத்துப் பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு போட்டால் முறுக்கு நன்றாக வருகிறது, அதற்கு மேல் போனால் கறுத்து, பிழியும்போதே உடைகிறது. விற்கிற பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பெரிதாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சைவம் சாப்பிடுகிறவர்களும் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது.