வள்ளிமலைக்குப் போகிற பஸ்

மாசித் தேரின்போது வள்ளிமலையில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் நானும் பெரியம்மாவும் ஒரு சாதாரண புதன்கிழமை கிளம்பினோம். வேலூரிலிருந்து காட்பாடி, திருவலம் தாண்டி, சேர்க்காடு கூட்ரோட்டில் திரும்பிப் போகிற டவுன் பஸ். மூன்று பேர் சீட்டில் பெரியம்மா ஜன்னலோரம். ஏறியதிலிருந்து அவர் கந்தர் அனுபூதியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

திருவலத்தில் ஒரு குருவிக்காரப் பெண் (நரிக்குறவர் என்பார்களே) ஏறினாள். இடுப்பில் பச்சைச் சட்டை போட்ட குழந்தை, தோளில் பாசிமணிச் சரங்கள். பஸ்ஸில் காலியாக இருந்தது எங்கள் சீட்டில் மூன்றாவது இடம் மட்டும்தான். அவள் பக்கத்தில் வருவதற்குள் என் மடியிலிருந்த பையை எடுத்து அங்கே வைத்துவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி வள்ளிமலை வரைக்கும் நின்றாள். என்னிடம் இருந்ததும் அவளிடம் இருந்ததும் ஒரே கட்டணமில்லா மகளிர் பயணச் சீட்டு. என் பையில் இருந்தது தேனும் தினைமாவும். குறத்திக்குப் படைக்க.

(பெரியம்மாவை ‘அவர்’ என்றும் இவரை ‘அவள்’ என்றும் எழுதியிருக்கிறேன், பாருங்கள். திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.)

வழியில் மேல்பாடி. கந்தபுராணத்திலேயே வரும் ஊர். ராஜராஜ சோழன் இறந்துபோன தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலும் அங்கேதான். இறங்க நேரமில்லை. பெயரைப் பார்த்ததும் விழுப்புரம் பக்கத்து மேல்பாதி நினைவுக்கு வந்தது. தலித் மக்கள் உள்ளே வரலாமா என்ற தகராறில், 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கு சீல் வைத்தார்களே, அந்த ஊர். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல்.

அடிவாரத்தில் வள்ளியைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். மேலே பாறையைக் குடைந்த சன்னதி, உள்ளே நல்ல குளிர்ச்சி. தீபாராதனை முடிந்ததும் தலையில் சடாரி வைத்தார்கள். திருமாலின் பாதம் பொறித்த சடாரியைப் பெருமாள் கோயிலில்தான் வைப்பார்கள், முருகன் கோயிலில் ஏது? வள்ளி திருமாலின் மகள், அதனால்தான் என்றார் பெரியம்மா.

எனக்கு உறுத்தியது அந்த இடத்தில்தான். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையை, குறவர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தான். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவள். எல்லாம் குறத்திதான். ஆனால் பிறப்பு மட்டும் அங்கே இல்லையாம். மான் வடிவத்தில் வந்த திருமகள் வயிற்றில் பிறந்தவளாம். கடவுளே வந்து கைபிடித்த பெண்ணைக்கூட நம்மால் குறத்தியாகவே விட்டுவைக்க முடியவில்லை. இது என் புலம்பல், பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

கந்தபுராணத்தில் கச்சியப்பர் சொல்கிற கல்யாணத்தை யோசித்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ராத்திரியில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது மாப்பிள்ளை. வில்லெடுத்துத் துரத்துவது பெண்ணைப் பறிகொடுத்த வீட்டார். கடைசியில் எல்லோரும் சமாதானமாகி, முருகன் குறவர் சிற்றூருக்கே போய், குடிசையில் புலித்தோல்மேல் உட்கார்ந்து பெண்ணை வாங்கிக்கொள்கிறான். அவர்கள் படைத்ததை ஏற்றுக்கொள்கிறான். அந்தக் கதையில் களவு செய்தவன் அவன்தான். திருட்டுப் பட்டம் யாருக்கு வந்தது? 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அதை விரித்து எழுதினான். சென்னை மாகாணத்தில் குறவர்களும் பட்டியலில் ஏறினார்கள். பிறந்ததே குற்றம். காவல்துறையில் பெயரைப் பதிய வேண்டும், ஊர்விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும். 1947இல் இங்கே சட்டம் போயிற்று. நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் யார்மேல் விழுகிறது என்பது போகவில்லை. “குறவன் மாதிரி கத்தாதே” என்று என் பாட்டி எங்களைத் திட்டுவார். அதே வாயால் ‘குறமகள் வள்ளி’ என்று உருகுவார். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பூஜையறை வாசலில்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மலைக்குறவர் வேறு, பாசிமணி விற்கிற நரிக்குறவர் வேறு. இவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, வடக்கிலிருந்து வந்த மொழி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பல குறவர்களுக்குப் பிடிப்பதில்லை. நரிக்குறவர், குருவிக்காரர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு பெண்ணைக் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடவில்லை என்று பேச்சாகி, அமைச்சரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நான் கண் கலங்கியிருக்கிறேன். சரி.

மலைமேலிருக்கும் சமணக் குகைகளை ஓட்டமாகப் பார்த்தேன். கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துக் கல்வெட்டு, அழகான தீர்த்தங்கரர்கள். மனம் ஓடவில்லை. பெரியம்மா பாறை நிழலில் சாய்ந்து அனுபூதியை மறுபடி ஆரம்பித்திருந்தார். சின்ன வயதிலிருந்து எனக்கும் மனப்பாடம்தான். கல்லான மனசின்மேல் உன் பாதத்தாமரை பூக்குமா என்று கேட்கிற பாட்டு. அதே பாட்டில், எனக்கு என்ன வேலை என்று வள்ளியிடம் கேட்டு அவள் பாதத்தைப் பணிகிறான் முருகன். எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! அந்த வரியில் ஒருநாளும் நின்றதில்லை.

இறங்கி வந்தபோது அடிவாரத்தில் அதே பச்சைச் சட்டைக் குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அவர் துணி விரித்து மணிகளைப் பரப்பியிருந்தார். பெரியம்மாவை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். என்ன சொல்வதென்று படி இறங்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

“காலையில பஸ்ல... நீங்க நின்னுட்டே வந்தீங்க. நான்தான் சீட்ல பை வெச்சிருந்தேன்.”

“எந்த பஸ்ஸுக்கா?” என்றார்.

“வள்ளிமலை பஸ்ஸு. திருவலத்துல ஏறினீங்களே.”

அவர் என்னைப் பார்த்தார், யோசித்தார். நிஜமாகவே நினைவில்லை. “தெனம் பஸ்ஸுதானேக்கா” என்று சொல்லிவிட்டு ஒரு சிவப்புப் பாசிச் சரத்தை எடுத்து நீட்டினார். “நீளமா வேணுமா, கழுத்தோட ஒட்டினாப்புல வேணுமா?”