2008 லேப்டாப்பும் புது ரவுட்டரும்

அத்தையின் லேப்டாப் 2008இல் வாங்கியது. இன்டெல் கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் விஸ்டா. கீபோர்டு நன்றாக ஆழமாக அழுந்தும். அத்தை அதில்தான் பக்கம் பக்கமாகத் தமிழ் தட்டச்சு செய்கிறார். வேறு கீபோர்டில் அவருக்குக் கை ஓடாது. வீட்டில் ரவுட்டர் மாற்றிய பிறகு இந்த லேப்டாப் மட்டும் வைஃபையில் சேரவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் “வைஃபை கார்டு போயிடுச்சு” என்று சொல்லிவிட்டார்கள். “விட்டுடுப்பா, நான் பென் டிரைவ்ல எடுத்துக்கிறேன்” என்றார் அத்தை. எனக்கு விட மனம் வரவில்லை. பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு உண்மையிலேயே சாவது அபூர்வம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி வேலையில் ஒரே ஒரு ஒழுங்கு போதும். கார்டு உயிரோடு இருக்கிறதா? இருந்தால், சுற்றியிருக்கிற நெட்வொர்க்குகளின் பெயர்கள் தெரிகின்றனவா? தெரிந்தால், பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போகிறதா? போன பிறகு பக்கங்கள் திறக்கின்றனவா? எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) அழித்துப் போடுவதும் விண்டோஸை மறுபடி நிறுவுவதும் வீண் அலைச்சல். இந்த லேப்டாப்பில் இரண்டாவதைத் தவிர மற்ற மூன்று படியிலும் ஆளுக்கொரு கோளாறு இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக இப்படி இருந்ததால்தான், முன்னால் பார்த்தவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாகவே செய்திருந்தாலும் பலன் தெரியாமல் போயிருக்கும்.

முதல் படி எளிதில் முடிந்தது. அந்தக் கால லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபையை நிறுத்த ஒரு நிஜமான சுவிட்ச் உண்டு. முன்பக்க விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளுகிற அளவுக்குச் சின்னதாக இருக்கும். விமானத்தில் அணைத்து வைப்பதற்கும் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்கும் வைத்தது. அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் ரேடியோ வேலை செய்யாது. வைஃபை வராத நாளில் யாரோ எதையெதையோ அழுத்திப் பார்த்தபோது அது நகர்ந்திருக்க வேண்டும். தள்ளியதும் பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு நெட்வொர்க்குகள் வரிசையாக வந்தன, நம் வீட்டுப் பெயரும் சேர்ந்தே வந்தது. இரண்டாவது படியும் இதோடு தாண்டியது மாதிரிதான்.

இந்த இரண்டாவது படியில் நிற்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து நம் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் கார்டு நன்றாகவே இருக்கிறது. ரவுட்டரைத்தான் பார்க்க வேண்டும். 802.11பி, 802.11ஜி என்ற பழைய வைஃபை வகைக் கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் காதில் விழும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றைப் பொறுத்தவரை அந்த ரவுட்டரே இல்லை. அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் 12, 13 இன்னொரு இடைஞ்சல். பல நாடுகளில் இவற்றுக்கு அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கார்டுகள் 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ரவுட்டர் தானாகவே 13ஐத் தேர்ந்துகொண்டால் புதுக் கருவிகள் எல்லாம் சேரும், பழையது மட்டும் முழிக்கும். ரவுட்டரில் 1, 6, 11 இவற்றில் ஏதாவது ஒன்றை நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

எங்களுக்கு மூன்றாவது படியில்தான் அதிக நேரம் போனது. பெயரைச் சொடுக்கி, பாஸ்வேர்டு கொடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தால் ‘இணைக்க முடியவில்லை’ என்று வரும். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுத்தும் அதேதான். அதே பாஸ்வேர்டில் கைப்பேசிகள் எல்லாம் சேருகின்றன.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பாதுகாப்பு வகை ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று இருந்தது. வைஃபையின் பூட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் வந்த டபிள்யூஇபி 1990களைச் சேர்ந்தது. அதை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது. அவசரத்துக்கு 2003இல் டபிள்யூபிஏ வந்தது, 2004இல் டபிள்யூபிஏ2. அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு 2018இல் டபிள்யூபிஏ3. அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே வேறு. இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளையும் மறைகுறியாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. 2008இன் கார்டுக்கும் டிரைவருக்கும் இதெல்லாம் தெரிய வழியில்லை. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் அதைச் சொல்லத் தெரிந்த மொழி ரவுட்டருக்குப் புரியாது. லேப்டாப்போ பாஸ்வேர்டுதான் தப்பு என்கிற மாதிரி மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

ரவுட்டரில் ‘டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும்’ என்று ஒரு கலப்பு முறை இருக்கும். பெரும்பாலான பழைய கருவிகளுக்கு அதுவே போதும், முதலில் அதைத்தான் முயல வேண்டும். இந்த லேப்டாப் அதிலும் சேரவில்லை. சில பழைய டிரைவர்கள், ரவுட்டர் அறிவிக்கிற பட்டியலில் தெரியாத ஒன்றைப் பார்த்தாலே குழம்பி நின்றுவிடும். இந்த இடத்தில் பலர் பொறுமை இழந்து பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் டபிள்யூஇபிக்கு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டபிள்யூஇபி பூட்டைத் திறக்க இன்று சாதாரண லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும். ஒரு பழைய கருவிக்காக வீட்டில் இருக்கிற எல்லோருடைய நெட்வொர்க்கையும் திறந்து போடுவது நியாயமில்லை.

நான் செய்தது இதுதான். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று இருந்தது. அதை இயக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், டபிள்யூபிஏ2, மறைகுறியாக்கம் ஏஇஎஸ் என்று வைத்தேன். டிகேஐபி என்ற பழைய வகையும் பட்டியலில் இருக்கும், அதைத் தொடவில்லை. பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியோ சிறப்புக் குறிகளோ இல்லாமல். பாஸ்வேர்டு மட்டும் நீளமானது. வீட்டின் முதன்மை நெட்வொர்க் டபிள்யூபிஏ3லேயே இருந்தது. லேப்டாப்பில் புதுப் பெயரைச் சொடுக்கிப் பாஸ்வேர்டு கொடுத்ததும் சட்டென்று சேர்ந்துவிட்டது. அத்தைக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. எனக்கும்தான்.

ஆனால் பக்கங்கள் திறக்கவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும், அந்தத் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திரையின் மூலையைப் பார்த்தால் தேதி 2008 ஜனவரி என்று காட்டியது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இன்று வழங்கப்பட்ட சான்றிதழ், 2008இல் இருப்பதாக நினைக்கிற கணினிக்கு ‘இன்னும் தொடங்காத’ சான்றிதழ். தேதியைத் திருத்தியதும் சில தளங்கள் திறந்தன. பின்னர் பேட்டரியையும் மாற்றினேன்; பெரும்பாலானவற்றில் இருப்பது சிஆர்2032 வகை. மீதித் தளங்கள் அப்போதும் திறக்கவில்லை. அதிலிருந்த பழைய பிரவுசருக்கு, தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் முறையான டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு தெரியாது. அதற்கு முந்தைய டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021இல் முறைப்படி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதோடு விஸ்டாவுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2017 ஏப்ரலோடு முடிந்தாயிற்று. அந்த நிலையில் அதை இணையத்தில் விட எனக்குச் சம்மதமில்லை. அத்தையின் கோப்புகளை எல்லாம் பிரதியெடுத்து வைத்துவிட்டு லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்தோம்.

கோர் 2 டுயோ 64 பிட் சிப் என்பதால் இது சாத்தியமானது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு நிறுவினேன். நிறுவல் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. முடிந்த பிறகு பார்த்தால் வைஃபை மறுபடி காணோம்!

இந்த இடத்தில் பயப்படத் தேவையில்லை, ஏனென்றால் கார்டு உயிரோடு இருப்பது ஏற்கெனவே தெரியும். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை எண்கள் காட்டும்படி கொடுத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு குறி, ஒரு முக்காற்புள்ளி, நான்கு குறி என்று ஓர் அடையாளம் வரும். தீர்வு தேடும்போது அந்த எண்ணை வைத்தே தேடுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடினால் குழம்பிப் போவீர்கள், ஏனென்றால் ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை கார்டு போட்டு விற்றிருப்பார்கள். அடுத்து ‘ஆர்எஃப்கில்’ கட்டளை. சுவிட்சால் தடைபட்டிருக்கிறதா, மென்பொருளால் தடைபட்டிருக்கிறதா என்று அது தனித்தனியாகச் சொல்லும். இரண்டிலும் தடை இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பி43 என்கிற டிரைவர் கார்டை அடையாளம் கண்டுவிட்டது, ஆனால் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றிருந்தது.

ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள்ளேயே இருக்கிற குட்டிச் செயலிக்கான நிரல். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைக் கார்டுக்குள் ஏற்ற வேண்டும். டெபியன் 12இன் நிறுவல் கோப்பிலேயே பல கார்டுகளுக்கான ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள். 2023இல் வந்த பெரிய வசதி அது. ஆனால் இந்தக் கார்டின் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க உரிமம் இல்லை. அதனால் ஒரு சிறிய நிறுவி மட்டும் தருகிறார்கள். அது இணையத்துக்குப் போய் மூலக் கோப்பை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்து எடுத்து, உரிய இடத்தில் வைக்கும். வைஃபை வேண்டுமென்றால் முதலில் இணையம் வேண்டும், அதுதான் கஷ்டம்.

ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு நெட்வொர்க் கேபிளைச் செருகினால் முடிந்தது. எங்களிடம் கேபிள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, கைப்பேசியில் அதன் இணையத்தைக் கேபிள் வழியே தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினேன். லினக்ஸ் அதைச் சாதாரணக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. எந்த டிரைவரும் தேவைப்படவில்லை. கைப்பேசி வைஃபையில் இருந்தாலும் அந்த இணையத்தையே பல மாடல்கள் கேபிள் வழியே கொடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். மென்பொருள் மூலங்களில் ‘கான்ட்ரிப்’ பகுதியைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, பி43 ஃபர்ம்வேர் நிறுவியைப் போட்டு, லேப்டாப்பை அணைத்துத் தொடங்கினேன். நெட்வொர்க் பெயர்கள் வந்துவிட்டன. அத்தையின் கெஸ்ட் நெட்வொர்க்கும் முதல் சொடுக்கிலேயே சேர்ந்தது. இதே வகைக் கார்டுகளில் சிலவற்றுக்கு ‘டபிள்யூஎல்’ என்ற இன்னொரு டிரைவர் பொருந்தும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று மற்றதை மறிக்கும்.

அதற்கப்புறம் அவ்வப்போது இணைப்பு அறுந்தது. வைஃபைக்கான மின் சேமிப்பை நிறுத்தியதும் அதுவும் நின்றது. வேகத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை முன்கூட்டியே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 802.11ஜியின் பெட்டியில் 54 மெகாபிட் என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அத்தைக்கு மின்னஞ்சல், செய்தி, எழுதிய கோப்புகளை மேகச் சேமிப்பில் ஏற்றுவது ஆகியவைதான் வேலை. அதற்குத் தாராளமாகப் போதும். மெதுவான கருவி ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதே அலைவரிசையில் இருக்கிற மற்றவற்றுக்கும் கொஞ்சம் நேரம் குறையும் என்பதால், வீட்டுக் கைப்பேசிகளை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிற கருவிக்கு வீட்டின் மற்ற கருவிகள் தெரியாது, அதனால் வைஃபை பிரின்டரில் அச்சடிக்க முடியவில்லை. பிரின்டரை யூஎஸ்பி கேபிளில் இணைத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் பலிக்காமல் போயிருந்தால் சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கியிருப்பேன். லினக்ஸுக்கு என்றால் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ளதைத் தேடியிருப்பேன். அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கிற கார்டைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்தவும் வழி உண்டு. ஆனால் சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரல்), தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். வாங்கும் முன் அந்த மாடலில் அப்படித் தடை இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஃபர்ம்வேர் கோப்புகள் இருக்கிற கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து, லேப்டாப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். மறுபடி லினக்ஸ் நிறுவ வேண்டி வந்தால் அதை உரிய இடத்தில் ஒட்டினால் போதும், கைப்பேசிக்கும் கேபிளுக்கும் வேலை இருக்காது. கெஸ்ட் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை அத்தை தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.