கரண்ட் போனால் கதையும் போச்சு

எங்கள் ஆச்சிக்குப் புளியரையில் வீடு. அவள் தங்கை, அதாவது எங்கள் சின்னாச்சி, வாக்கப்பட்டது புனலூரில். நடுவில் ஆரியங்காவு மலை. இந்தப் பக்கம் கரண்ட் தமிழ்நாட்டு வாரியம், அந்தப் பக்கம் கேரள வாரியம் என்பதால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போவது அபூர்வம். அந்த வசதியை நம்பித்தான் இருவரும் ராத்திரி சீரியலை ஒரு நாள் விடாமல் பார்த்து வந்தார்கள்.

எப்படி என்கிறீர்களா? சாரல் காலத்தில் இங்கே கரண்ட் போனதும் ஆச்சி இருட்டில் தடவிப்போய் லேண்ட்லைனை எடுத்துப் புனலூர் கோடு 0475 போடுவாள். சின்னாச்சி டிவி முன்னால் இருந்தபடி மலையாளம் கலந்த தமிழில் நேர்முக வர்ணனை கொடுப்பாள். “ஏளா, மாமியாக்காரி சாவியை எடுத்துட்டாளா?” என்று ஆச்சி இங்கே கேட்பது போன் இல்லாமலே புனலூருக்குக் கேட்கும். அங்கே கரண்ட் போனால் வர்ணனை இங்கிருந்து.

போன ஆனியில் மரக்கிளை விழுந்து வயர் அறுந்தது. “இனி செம்புக் கம்பி கிடையாது ஆச்சி, ஃபைபர்தான். பேச்சு இன்டர்நெட் வழியாப் போகும்” என்று லைன்மேன் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி, பழைய போனையே அதன் பின்னால் சொருகினார். நம்பரும் பழையதே. டயல் போகவில்லை. போனைக் கவிழ்த்து, அடியில் ‘பி’யில், அதாவது பழைய பல்ஸ் முறையில், கிடந்த குட்டி விசையை ‘டி’க்கு, அதாவது டோன் முறைக்குத் தள்ளினார், போயிற்று.

குரல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. ஆச்சிக்கு அதுதான் சந்தேகம். பழைய இரைச்சல் இல்லாததால் சின்னாச்சி மூச்சுவிட நிறுத்தினால்கூட “ஹலோ, இருக்கியாட்டி?” என்பாள்.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. போனும் செத்தது. சாவி விஷயம் அந்தரத்தில் நிற்கிறது.

“முன்னெல்லாம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்து 48 வோல்ட் கம்பியிலேயே வரும் ஆச்சி. இந்தப் பெட்டிக்கு உங்க வீட்டுக் கரண்ட் வேணும்லா” என்றார் லைன்மேன்.

“அப்போ கரண்ட் இருக்கும்போது மட்டும்தான் பேசணுமா? கரண்ட் இருந்தா நான் ஏன்யா பேசப்போறேன், சீரியல் பார்க்க மாட்டேனா?”

அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. தென்காசிக்குப் போய், அந்தப் பெட்டிக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வந்தேன். ஆச்சி அதற்குத் திருநீறு பூசினாள்.

அன்று ராத்திரியே காற்று. கரண்ட் போனது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆச்சி வெற்றிப் புன்னகையோடு 0475 போட்டாள்.

அங்கேயும் கரண்ட் இல்லையாம். சின்னாச்சி வீட்டில் இன்னும் செம்புக் கம்பிதான், அதனால் போன் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இருவரும் போனை வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, யார் சாவியை எடுத்திருப்பாள், அவளை என்ன செய்யவேண்டும் என்று அன்றைய கதையைத் தாங்களே முடித்தார்கள். மாமியாரை ஜெயிலில் போட்டுவிட்டுத்தான் ஆச்சி படுத்தாள்.

மறுநாள் டிவியில் மாமியார் மருமகளோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“தப்பாக் காட்டுதான்” என்று ஆச்சி எழுந்து போய்விட்டாள்.